ஒரு கட்டு லீக்ஸ் வந்த வழி

இலங்கையின் மலைநாட்டில், எங்கள் பக்கத்தில், லீக்ஸ் என்ற காய்க்கு ஒருமை கிடையாது. ஒற்றைத் தண்டைக் கையில் பிடித்தாலும் அது 'லீக்ஸ்'தான். சிங்கள அயலவரும் அப்படியே சொல்கிறார்கள். ஆங்கிலேயர் பன்மைக்காக ஒட்டிய வால் எழுத்து மலையேறி வந்து, எங்கள் வாயில் பெயராகவே உறைந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் யாராவது வந்தால் அதைத் தூக்கிப் பார்த்து, வெங்காயத்தாள் இவ்வளவு தடியாகவா வளரும் என்று கேட்பார்கள். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு வேறு கேள்வி வரும்: இதை எப்படிச் செய்கிறீர்கள்?

எங்கள் வட்டகொடை ரயில் நிலையம் தலவாக்கலைக்கும் கிரேட்வெஸ்டனுக்கும் நடுவில் இருக்கிறது. நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை. தேயிலை ஏறாத இடங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் பின்புறத்திலும் வடிகான் ஓரத்திலும் ஓடைக் கரையிலும், துண்டு துண்டாக மரக்கறிப் பாத்திகள். தைப்பொங்கலன்று பானை இறக்கிப் படையல் முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு நடக்கும். சோறு, பருப்பு, கரட் சம்பல், பீட்ரூட், அப்பளம். அவற்றோடு லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட பால்கறி. தீபாவளிக்கு இறைச்சிக் குழம்பு வைத்தாலும் பக்கத்தில் அது இருக்கும். வேதக்கார (கிறிஸ்தவ) வீடுகளில் நத்தாருக்கும் இருக்கும்.

சிறு வயதில் லீக்ஸ் கழுவும் வேலை என்னுடையது. அப்பாயி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்வார்: "நடுவுல கீறு. விரிச்சுப் பீலித் தண்ணியில காட்டு. மண்ணு உள்ளுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும்." மூன்று தரம் கழுவினாலும் அவர் ஒருமுறை வாங்கிப் பார்ப்பார். ஏதாவது ஒரு மடிப்பில் மண் இருக்கும். உலகத்தின் இன்னொரு மூலையில், வேறொரு மொழி பேசும் பாட்டிமார் இதே காயை இதே போலக் கீறி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் யூதர்கள். அவர்களுடைய பண்டிகை மேசையிலும் லீக்ஸுக்கு இடம் உண்டு. நைல் நதிக்கரையில் கிளம்பி இரண்டு வழியாகப் பிரிந்த பயணம் இது. ஒரு கிளை அவர்களிடம் போனது. ஒரு கிளை எங்களிடம் வந்தது.

வனாந்தரத்தில் ஏங்கிய நாக்கு

லீக்ஸ் வெங்காயம், பூண்டு இவற்றின் குடும்பம். மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளும் மேற்காசியாவும் அதன் பூர்வீகம். சுமார் 3700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர் களிமண் பலகைகளில் எழுதி வைத்த சமையல் குறிப்புகளில், லீக்ஸையும் பூண்டையும் சேர்த்து நசுக்கிப் போடுவது திரும்பத் திரும்ப வருகிறது. அதன் நெருங்கிய உறவான ஒரு சிறு இலைச் செடியை எகிப்தியர் இன்றும் 'குர்ராத்' என்று வளர்த்துச் சாப்பிடுகிறார்கள். உரோமப் பேரரசன் நீரோ குரல் வளத்துக்காக எண்ணெயில் லீக்ஸ் சாப்பிட்டான் என்றும், அதனால் அவனுக்கு 'லீக்ஸ் தின்னி' என்ற பட்டப்பெயர் வந்தது என்றும் சொல்லப்படுகிறது.

ஆனால் இந்தக் காயின் வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமான இடம் விவிலியத்தின் எண்ணாகமம் 11ஆம் அதிகாரம். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்று வனாந்தரத்தில் நடக்கிறார்கள். அங்கே நாக்கு பழைய ஊரைத் தேடுகிறது. மீன், வெள்ளரி, கொம்மட்டி, லீக்ஸ், வெங்காயம், பூண்டு என்று வரிசையாகச் சொல்லி அழுகிறார்கள். தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் லீக்ஸ் இல்லை. 'கீரை' என்று இருக்கிறது. எபிரேய மூலச் சொல்லுக்குப் புல் என்றும் பொருள் உண்டு. தமிழ் அடுப்புகளுக்கு அப்படியொரு காய் அப்போது பழக்கமும் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் நமக்குத் தெரிந்த பச்சையைக் கொடுத்தார்கள்.

கூலியில்லா வேலையும் சாட்டையும் இருந்த ஊர் எகிப்து. ஆனாலும் அந்த ஊரின் காயை அவர்கள் மறக்கவில்லை. துன்பம் தந்த மண்ணும் சோறு போட்ட மண்ணும் ஒன்றாகவே இருக்கும்போது, மனிதனுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. இதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பண்டிகை மேசையில் ஓர் இடம்

நான்காம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த அபாயே என்ற யூத அறிஞர், புத்தாண்டுக்கு உண்ண வேண்டியவை என்று ஐந்து பொருள்களைச் சொன்னதாகத் தல்முத் நூல் பதிவு செய்திருக்கிறது. சுரைக்காய் வகை, வெந்தயம் அல்லது பயறு என்று பொருள் கொள்ளப்படும் ஒன்று, லீக்ஸ், பீட் கீரை, பேரீச்சை. காரணம் பெயர்ப் பொருத்தம். லீக்ஸைக் குறிக்கும் 'கர்த்தி' என்ற சொல், வெட்டுதல் என்ற பொருளுள்ள வினையின் ஒலியோடு ஒத்துப் போகிறது. ஆகவே, நமக்குத் தீங்கு நினைப்பவர் அறுபட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு அதை உண்பார்கள். பெயரில் மங்கலம் பார்த்து, விளைச்சலை முன்னால் வைத்து ஆண்டைத் தொடங்குவது நமக்கும் பழக்கமான காரியம்தான்.

1492-இல் ஸ்பெயின் நாடு யூதர்களை வெளியேற்றியது. துருக்கிப் பேரரசில் தஞ்சம் புகுந்தவர்கள் இஸ்தான்புல், இஸ்மீர், சலோனிக்கா நகரங்களில் குடியேறினார்கள். தங்கள் பழைய ஸ்பானிய மொழியோடு சமையலையும் கொண்டு போனார்கள். லீக்ஸை வேகவைத்துப் பிழிந்து, வடை போலத் தட்டிப் பொரிக்கும் 'கெஃப்தெஸ் தெ ப்ராசா' அவர்களுடைய பண்டிகைப் பலகாரம். புத்தாண்டுக்கும் செய்வார்கள், எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகைக்கும் செய்வார்கள். பஸ்காவில் புளித்த மாவு ஆகாது. அதனால் பல வீடுகளில் மாவுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கைச் சேர்ப்பார்கள். லீக்ஸும் கிழங்கும் ஒன்று சேர்ந்த இன்னோர் அடுப்பு அது.

யூதர்களின் உணவு விதிக்குப் பெயர் கோஷர். தகுதியானது என்று பொருள். காய்கறி எல்லாமே கோஷர்தான். ஆனால் இலைக்குள் இருக்கும் பூச்சி ஆகாது. ஆகவே லீக்ஸை நீளவாக்கில் கீறி, அடுக்கடுக்காக விரித்து, கழுவி, கண்ணால் சோதித்த பிறகே சட்டியில் போட வேண்டும். இன்னொரு விதி, இறைச்சியையும் பாலையும் ஒரே சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது. இறைச்சியும் இல்லாமல் பாலும் இல்லாமல் இருக்கும் பண்டத்தைப் 'பார்வே' என்பார்கள். அது எந்தச் சாப்பாட்டோடும் சேரும். பண்டிகை விருந்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும் என்பதால், அதன் பக்கத்தில் வைக்கும் மரக்கறியில் வெண்ணெயோ பாலாடையோ இருக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மலையேறலாம்.

குளிரைத் தேடி வந்த விதை

வெயில் நாட்டில் பிறந்த லீக்ஸ் குளிர் நாடுகளில்தான் தண்டு பெருத்தது. வேல்ஸ் நாட்டுக்கு அதுவே சின்னம். ஸ்கொட்லாந்தில், எடின்பரோவுக்கு அருகேயுள்ள மசல்பரோ என்ற ஊரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய லீக்ஸ் இனம் புகழ் பெற்றது. கோழியும் லீக்ஸும் போட்ட சூப் அந்த நாட்டாரின் வீட்டு உணவு. அந்த ஸ்கொட்லாந்துக்காரர் பலர்தான் எங்கள் மலைகளுக்குத் தோட்டத் துரைமாராக வந்தார்கள். தலவாக்கலையைச் சுற்றி ஹோலிரூட், லோகி என்று தோட்டங்களுக்கு வைத்த பெயர்களில் அவர்களுடைய ஊர் நினைவு இருக்கிறது.

நுவரெலியாக் குளிரில் ஐரோப்பிய விவசாயம் செய்யலாம் என்று நம்பிப் பெரிதாக முயன்றவர் சாமுவேல் பேக்கர். 1848-இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் கால்நடைகளையும் கருவிகளையும் கப்பலில் ஏற்றி வந்து, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே காட்டை வெட்டிப் பண்ணை போட்டார். 1855-இல் இலங்கை அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். பிறகு நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போய், 1864-இல் அல்பர்ட் ஏரியைக் கண்டார். நைல் கரைக் காய் விளையும் மலையில் மண்ணைக் கிளறியவர் கடைசியில் நைலின் தலைமாட்டுக்கே போய்ச் சேர்ந்தார்.

யூதர்களும் இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். மொரிஸ் டி வோர்ம்ஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் 1840-களின் தொடக்கத்தில் புசல்லாவையில் கோப்பித் தோட்டம் திறந்தார்கள். அவர்களுடைய தாய் ரொத்சைல்ட் குடும்பத்துப் பெண். அந்தப் பெயரையே தோட்டத்துக்கு வைத்தார்கள். சீனத் தேயிலைச் செடியைக் கொண்டுவந்து அங்கே நட்டவர்களும் அவர்கள்தான். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிராக நிலைநாட்டுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்திய கதை இது. 1865-இல் தோட்டங்களை விற்றார்கள். ரொத்சைல்ட் என்ற தோட்டப் பெயர் மட்டும் புசல்லாவையில் நிலைத்துவிட்டது.

1885-இல் ரயில் பாதை வட்டகொடையைக் கடந்து நானுஓயாவுக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு சிறு ரயிலும் ஓடியது. 1940-களில் அது நின்று போனது. தேயிலைப் பெட்டி இறங்கிய பாதையில் மரக்கறியும் இறங்கியது. துரைமார் பங்களாவின் வேலிக்குள் முளைத்த காய் கொழும்புச் சந்தைக்குப் போகும் பயிராக வளர்ந்தது. அந்தப் பாத்திகளைக் கொத்தியவர்கள், களை பிடுங்கியவர்கள், தலையில் சுமந்தவர்கள் யார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

லயத்து அடுப்பில் நடந்தது

பங்களாக் குசினியில் லீக்ஸும் கிழங்கும் வெண்ணெயிலும் பாலாடையிலும் வெந்தன. லயத்தில் வெண்ணெய் ஏது? தேங்காய் இருந்தது. வட்டகொடைக் குளிரில் தென்னை காய்க்காது. தேங்காய் குருநாகல், சிலாபம் பக்கத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டும். மலையிலிருந்து இறங்க வேண்டிய காயும், சமவெளியிலிருந்து ஏறி வந்த தேங்காயும் ஒரு தாச்சியில் சந்தித்த இடம் எங்கள் லயத்துக் காம்பரா அறை. கடுகும் கறிவேப்பிலையும் மஞ்சளும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து வந்த கைகளின் பழக்கம். ரம்பை இலை இந்தத் தீவின் பழக்கம். கிழங்கும் பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இவ்வளவும் சேர்ந்த பிறகு அது துரையின் பண்டமும் இல்லை, ஊர்ப் பண்டமும் இல்லை. மலையகத்தின் பண்டம்.

இன்னொன்றையும் எங்கள் பெண்கள் செய்தார்கள். வெளிநாட்டுச் சமையலில் லீக்ஸின் வெள்ளைத் தண்டை வைத்துக்கொண்டு பச்சை இலையை வெட்டி எறிவது வழக்கம். இங்கே நுனி வரை அரிவார்கள். அரைநாள் கூலியான அரைப்பேர் விழுந்த நாளில் காயில் பாதியை எறிய முடியாது. அந்தப் பச்சைதான் கறிக்கு நிறமும் மணமும் என்பது தின்று பார்த்தால் தெரியும்.

செய்முறை எளிது. நாலைந்து தண்டு லீக்ஸ், மூன்று நடுத்தர உருளைக்கிழங்கு. லீக்ஸை நீளவாக்கில் கீறி விரித்துக் கழுவி, மெல்லியதாக அரிய வேண்டும். கிழங்கை அவித்து உரித்துத் துண்டாக்கி வைத்துக்கொள்ளலாம். தேங்காயெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை தாளித்து, லீக்ஸைப் போட்டு உப்பும் மஞ்சளும் தூவி மூடினால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதிலிருந்தே நீர் விடும். இலை வதங்கியதும் கிழங்கைச் சேர்த்து, தேங்காயின் முதல் பால் அரைக் கோப்பை ஊற்றி, கொதி வரும் முன் இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். ஆறிய பிறகு நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி. மற்ற நாட்களில் மாசி போடுவார்கள், இடித்த மிளகாய் போட்டுப் பிரட்டலாகவும் செய்வார்கள். பொங்கலுக்கு மாசி கிடையாது. வெங்காயம், பூண்டு ஒதுக்கும் விரத நாட்களில் லீக்ஸும் அடுப்பேறாது.

இப்போது அந்தக் கோஷர் விதியை நினைத்துப் பாருங்கள். இறைச்சி இல்லை, பசும்பால் இல்லை, நெய் இல்லை. விரித்துக் கழுவியாயிற்று. வட்டகொடைப் பால்கறி அப்படியே ஒரு யூதக் குடும்பத்தின் புத்தாண்டு விருந்தில் இறைச்சிக்குப் பக்கத்தில் உட்காரும் தகுதி உடையது. அவர்களுடைய பாத்திரத்தில், அவர்கள் ஏற்கும் எண்ணெயில் சமைத்தால் போதும். கொச்சி யூதர்கள் நெடுங்காலமாக இறைச்சிக் கறிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றியது இதே காரணத்துக்காகத்தான். அவர்கள் விதியால் வந்த இடத்துக்கு நாங்கள் வறுமையால் வந்தோம். முஸ்லிம் நண்பரோ, மரக்கறி மட்டும் உண்ணும் சைவரோ, போயா தினத்தில் இறைச்சி ஒதுக்கும் சிங்கள அயலவரோ வந்தாலும் தயங்காமல் இதைப் பரிமாறலாம்.

ஒப்பாரிக் கோச்சி

இந்தக் கறியைச் சமைத்த மக்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவரைத் தேர்ந்தெடுத்த தோட்டத்து மக்களின் குடியுரிமை அடுத்த ஆண்டே, 1948-இல், சட்டத்தால் பறிபோனது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், அப்படி நாடற்றுப் போனவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. ஆட்களைக் கேட்டு எழுதிய கணக்கு அல்ல அது.

பிறகு வந்த ஆண்டுகளில் மலையக நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு எங்கள் சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடை சுமந்தார்கள். ஊட்டிச் சந்தையில் 'இங்கிலீஷ் காய்கறி' என்று வைத்திருக்கும் குவியலில் லீக்ஸ் உண்டு. எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர் அங்கே முதல் தடவை அதைக் கண்டபோது, வாங்கக் காசில்லாமல் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாராம். பல வருடம் கழித்து வட்டகொடைக்கு வந்தவர், சாப்பாட்டில் உட்கார்ந்ததும் இதைத்தான் சொன்னார். எண்ணாகமத்தின் அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் வருகிறது.

இங்கே தங்கியவர்களுக்கும் இந்தக் காய் கைகொடுத்தது. 1970-களின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் பட்டினியைக் கண்டபோது, லயத்தோரப் பாத்தியில் இருந்த கீரையும் கிழங்கும் லீக்ஸும் எத்தனையோ அடுப்பை அணையாமல் வைத்தன. இன்று கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் விளையும் லீக்ஸ் கட்டுகள் லொறி ஏறி நுவரெலியா, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து நாடு முழுவதும் பிரிகின்றன. தோட்டத்தில் வேலை குறையும் நாட்களில் மரக்கறிப் பாத்திக்குக் கூலிக்குப் போகிறவர்கள் பலர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது தேயிலையும் வாடியது, மரக்கறியும் வாடியது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். இரண்டையும் நம்பியிருந்த வீடு இரண்டு பக்கமும் அடி வாங்கிய பிறகுதான் அது நடந்தது.

மடிப்புக்குள் இருக்கும் மண்

லீக்ஸின் தண்டு வெளுப்பாக இருக்க வேண்டுமென்றால், செடி வளர வளர அடியில் மண்ணை அணைத்துக்கொண்டே போக வேண்டும். மண்ணுக்குள் மூடியிருக்கும் பகுதிதான் வெள்ளையாகும், மென்மையாகும். அப்பாயி தேடிய மண் அப்படித்தான் உள்ளே போகிறது. அது குறையில்லை. அந்தக் காய் நன்றாக வளர்ந்ததற்கு அடையாளம்.

நைல் கரையில் விளைந்த பயிர் இந்த மலையில் வேர் பிடிக்க யாரிடமும் அத்தாட்சி காட்டவில்லை. அதை நட்ட மக்கள் வந்து 2023-இல் 200 ஆண்டுகள் நிறைந்தன. குடியுரிமை கிடைத்துவிட்டது. ஆனால் லயத்துப் பின்புறத்தில் லீக்ஸ் போடும் அந்தத் துண்டு நிலம் இன்னும் பெரும்பாலானோருக்குச் சொந்தமில்லை. காணி உறுதி இல்லாத மண்ணில்தான் பாத்தி கட்டுகிறார்கள்.

மலையகத்து வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பொங்கலுக்கு இந்தக் கறியை வைக்கும்போது உங்கள் வீட்டுச் செய்முறையை, அதைச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரோடு எழுதி வையுங்கள். யூதர்கள் ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் லீக்ஸை மறக்காமல் இருப்பதற்குக் காரணம், அதை எழுதி வைத்ததும், ஒவ்வொரு ஆண்டும் மேசையில் வைத்துப் பெயர் சொன்னதும்தான். ஆட்சியில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். லயத்தோரத்து அந்த மண்ணை, அதில் பாத்தி கட்டுகிறவர்களின் பெயருக்கே எழுதிக் கொடுங்கள்.